ஹிராயாமா நோய்க்குக் கழுத்தெலும்பு இணைப்பு அறுவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெலிவது கை. அறுவையைக் கழுத்தில் ஏன் செய்கிறார்கள்?

ஹிராயாமா, இளவயதில் வலியில்லாமல் கை மெலியும் நோய். விரல்களை அசைக்கும் தசைகளுக்கு உத்தரவு போவது கழுத்தின் அடிப்பகுதியிலுள்ள தண்டுவடத்திலிருந்து. அங்கே முன்பக்கம் இருக்கும் இயக்க நரம்பணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாவதால்தான் கை மெலிகிறது. தண்டுவடத்தைச் சுற்றி டியூரா என்ற தடித்த உறை ஒன்று உண்டு. தலையைக் குனியும்போது, தண்டுவடம் ஓடும் எலும்புக் குழாயின் பின்சுவர் முன்சுவரைவிட அதிகம் நீளும். அந்த நீளத்துக்கு ஈடுகொடுக்க, நிமிர்ந்த நிலையில் உறை மடிப்பு மடிப்பாகத் தளர்ந்து கிடக்கும். குனிந்ததும் மடிப்பு விரியும்.

இந்த நோய் உள்ளவர்களுக்கு அந்தத் தளர்வு போதாது. வளரும் வயதில் முதுகெலும்பு வேகமாக நீள, உறை கூடவே நீளாததுதான் காரணம் என்பது பெரும்பாலானோர் ஏற்கும் விளக்கம். குனிந்தவுடன் பின்பக்க உறை நாண்போல் இழுபட்டு முன்னால் வந்து, தண்டுவடத்தை முன்னாலுள்ள எலும்போடு நசுக்குகிறது. நிமிர்ந்தால் விட்டுவிடுகிறது. படிப்பு, செல்போன், சாப்பாடு என்று ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை இது நடக்கும். ஒவ்வொரு முறையும் ரத்த ஓட்டம் குறைவதை முதலில் தாங்க முடியாமல் போவது அந்த முன்பக்க நரம்பணுக்கள்தான்.

ஆகவே கழுத்தின் அந்தப் பகுதி மடங்காமல் செய்துவிட்டால் நசுக்கல் நிற்கும். இணைப்பு அறுவையின் நோக்கம் இது ஒன்றே.

இதை முதலில் கண்டவர் யார்? நம் பக்கம் உண்டா?

ஜப்பானிய நரம்பியல் மருத்துவர் கெய்ஸோ ஹிராயாமா 1959-ல் விவரித்தார். ஆசியாவில்தான் அதிகம் பதிவாகியிருக்கிறது. இந்தியாவில் பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவ நிறுவனத்தைச் சேர்ந்த கௌரி தேவியும் உடன் பணியாற்றியவர்களும் 1984-ல் ஒற்றைக் கை அல்லது ஒற்றைக் கால் மெலியும் நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் வைத்த 'மோனோமெலிக் அமையோட்ரஃபி' என்ற பெயரை இன்றும் நம் ஊர் டிஸ்சார்ஜ் சம்மரிகளில் பார்க்கலாம். கை மெலிவில் இரண்டு பெயரும் பெரும்பாலும் ஒரே நோயைக் குறிக்கும். கால் மட்டும் மெலிந்தால் அது வேறு, அதற்குக் கழுத்து அறுவை உதவாது.

என்ன அறிகுறியைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டும்?

பதினைந்திலிருந்து இருபத்தைந்து வயதுக்குள், பெரும்பாலும் பையன்களுக்கு, ஒரு கையில் தொடங்கும். வலி இருக்காது, மரத்துப்போவதும் அநேகமாக இருக்காது. சட்டைப் பொத்தான் போட வராது, பேனா நழுவும், சாவி திருப்பச் சிரமம். உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க மேடும் விரல்களுக்கு இடையிலுள்ள சதையும் வற்றும். முன்கையில் உள்பக்கம் மெலிய, கட்டைவிரல் பக்கமாக ஓடும் தசை மட்டும் அப்படியே நிற்கும். சாய்வாகச் சீவி எடுத்தது போன்ற அந்தத் தோற்றம் இந்த நோய்க்கே உரியது. விரல்களை நீட்டச் சொன்னால் லேசாகத் துடிக்கும்.

இன்னொன்று வீட்டிலேயே தெரியும்: குளிரில் கை கூடுதலாகச் சோர்ந்துபோகும். மார்கழிக் காலையில் பச்சைத் தண்ணீரில் கை கழுவியபின் விரல் நீட்ட வரவில்லை என்று பையன் சொன்னால், சோம்பல் என்று தள்ளிவிடாதீர்கள்.

எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்று, 'நார்மல்' என்று வந்துவிட்டது. நோய் இல்லை என்று பொருளா?

இல்லை. நாங்கள் பார்ப்பதில் மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான். வழக்கமான எம்.ஆர்.ஐ. நேராகப் படுத்த நிலையில் எடுப்பது. அப்போது உறை தளர்ந்து கிடப்பதால் நசுக்கல் தெரியாது. கழுத்தை மடக்கிய நிலையிலும் எடுக்க வேண்டும். சீட்டில் 'நேர்நிலை, மடக்கிய நிலை இரண்டும், கான்ட்ராஸ்டுடன்' என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். தலைக்குக் கீழே ஸ்பாஞ்ச் அடுக்கி, குறைந்தது 25 முதல் 35 பாகை வரை கழுத்து மடங்க வேண்டும். மோவாயை லேசாகத் தாழ்த்தி எடுத்த படம் பயன்படாது. கழுத்தை இறுக்கிப் பிடிக்கும் 'காயில்' என்ற சட்டம் உள்ள மெஷினில் இவ்வளவு மடங்காது. நேரம் குறிப்பதற்கு முன்பே ஸ்கேன் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும்போது கை சோர்ந்தாலோ ஷாக் அடித்தது போலிருந்தாலோ உடனே பஸ்ஸரை அழுத்தச் சொல்லுங்கள்.

மடக்கிய படத்தில் மூன்றைப் பார்ப்பார்கள்: பின் உறை முன்னால் நகர்ந்திருக்கிறதா, தண்டுவடம் தட்டையாகிறதா, உறைக்குப் பின்னால் உண்டான இடைவெளியில் ரத்தக்குழாய்கள் புடைத்துப் பிறைபோல் வெள்ளையாகத் தெரிகின்றனவா. நேர்நிலைப் படத்திலும் தடயம் இருக்கலாம். தண்டுவடம் சி5, சி6, சி7 (கழுத்தின் ஐந்தாவது முதல் ஏழாவது எலும்பு வரை) மட்டத்தில் ஒருபக்கமாக ஒடுங்கியிருக்கும், அல்லது உறை பின்னெலும்பிலிருந்து விலகியிருக்கும். இந்த விலகல் பின்னெலும்பு நீளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் சந்தேகம் வலுக்கிறது. நோய் நின்று பல ஆண்டு ஆனவர்களுக்கு மடக்கிய படத்திலும் நகர்வு குறைந்துபோயிருக்கும்.

வேறு எந்த நோய்களோடு குழப்பிக்கொள்வார்கள்?

பெற்றோர் முதலில் பயப்படுவது, உடல் முழுவதும் தசை தளர்ந்து உயிரைப் பறிக்கும் ஏ.எல்.எஸ். நோய்க்கு. அதில் கட்டைவிரல் பக்கச் சதை முதலில் வற்றும், ஹிராயாமாவில் சுண்டுவிரல் பக்கம். ஈ.எம்.ஜி. (தசையின் மின்பரிசோதனை), நரம்புக் கடத்தல் பரிசோதனைகளிலும் இந்த வேறுபாடு தெரியும்.

தவறவே விடக்கூடாத ஒன்று, கை கால்களின் இயக்க நரம்புகளைத் தாக்கும் மல்டிஃபோகல் மோட்டார் நியூரோபதி. அதுவும் வலியில்லாமல் ஒரு கையில் தொடங்கும். ஆனால் இம்யூனோகுளோபுலின் ஊசிக்குக் கேட்கும். நரம்புக் கடத்தலில் அடைப்பு இருக்கிறதா என்று பாராமல் கழுத்து அறுவைக்குப் போகக்கூடாது.

'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' என்று ஒன்றும் உண்டு. 1970-ல் சென்னை மருத்துவர்கள் விவரித்தது. அதுவும் இளவயதில் கை கால்களை மெலியவைக்கும், ஆனால் கூடவே காது மந்தமாகும், முகமும் நாக்கும் தளரும். கை மெலிந்த பையனுக்குக் காது கேட்பதில் குறை இருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இவை தவிர, சுண்டுவிரல் பக்கம் போகும் அல்நார் நரம்பு முழங்கையில் அழுந்துவது, தண்டுவடத்துக்குள் நீர்க்குழி ஆகியவற்றையும் பார்த்து விலக்க வேண்டும்.

தானாகவே நின்றுவிடும் என்கிறார்களே, பிறகு அறுவை எதற்கு?

பெரும்பாலோருக்குத் தொடங்கிய ஒன்றிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் மெலிவு நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குள் போன சதை திரும்பாது. இரண்டாம் ஆண்டில் நின்ற கையும் ஐந்தாம் ஆண்டில் நின்ற கையும் ஒன்றல்ல. முதலாவதில் பேனா பிடிக்கலாம், இரண்டாவதில் விரல்கள் கொக்கிபோல் மடங்கிக் கிடக்கலாம். கழுத்துக் காலரும் அறுவையும் அந்த நிற்கும் நாளை முன்னால் கொண்டுவருவதற்காகத்தான். நோய் நின்று இரண்டு மூன்று ஆண்டு ஆனவருக்கு அறுவை செய்து கிடைக்கப்போவது மிகக் குறைவு என்பது எங்கள் கருத்து.

முதலில் காலர் போட்டுப் பார்க்கலாமா?

பார்க்க வேண்டும். நோய் ஓடிக்கொண்டிருக்கும் காலத்தில் கழுத்துக் காலர் போட்டவர்களுக்கு மெலிவு சீக்கிரம் நின்றதை ஜப்பானிய அனுபவம் காட்டுகிறது. விழித்திருக்கும் நேரமெல்லாம் போட வேண்டும், மூன்று நான்கு ஆண்டுகள் வரை ஆகலாம். மோவாய்க்குக் கீழே சரியாகத் தாங்கிக் குனிவதைத் தடுக்காத காலர் கழுத்துக்கு அலங்காரம்தான். போட்டபின் குனியச் சொல்லிப் பாருங்கள். மோவாய் நெஞ்சைத் தொட்டால் அளவு தவறு.

தோற்கும் இடம் பள்ளியும் கல்லூரியும். வீட்டு வாசலைத் தாண்டியதும் பையன் கழற்றிப் பையில் வைத்துவிடுவான். அதற்காக அவனைத் திட்டுவதில் பயனில்லை. ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உண்மையில் போடுகிறான் என்பதை மட்டும் கேட்டு டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். அறுவை முடிவு அதைப் பொறுத்தது.

காலரோடு சேர்த்துச் செய்ய வேண்டியவை: புத்தகத்தைச் சாய்மேசையில் கண் மட்டத்துக்கு உயர்த்துங்கள். இரண்டு தடித்த தலையணை வைத்துத் தூங்கினால் இரவு முழுக்கக் கழுத்து மடங்கியே இருக்கும், ஒரு மெல்லிய தலையணை போதும். தரையில் சம்மணமிட்டுக் குனிந்து எழுதுவதையும் சாப்பிடுவதையும் நிறுத்தி மேசைக்கு மாறுங்கள். ஹலாசனமும் சர்வாங்காசனமும் கழுத்தை முழுக்க மடக்குபவை, கூடவே கூடாது. சலூனில் கழுத்தைச் சொடுக்கி எடுப்பதும் அப்படியே.

அறுவை யாருக்குப் பொருந்தும்?

நான்கு நிலைகளில் நாங்கள் அறுவையைப் பேசுவோம். ஆறு மாதம் ஒழுங்காகக் காலர் போட்டும் மெலிவு தொடர்கிறது. காலர் போடவே முடியவில்லை, மெலிவும் ஓடுகிறது. இரண்டாவது கையும் தொடங்கிவிட்டது. காலில் விறைப்பு, நடையில் தடுமாற்றம் என்று தண்டுவட அழுத்தத்தின் அடையாளம் வந்துவிட்டது. கடைசியாகச் சொன்னது இருந்தால் காலருக்காகக் காத்திருக்க வேண்டாம். நான்கிலுமே மடக்கிய எம்.ஆர்.ஐ.யில் நசுக்கல் தெளிவாகத் தெரிய வேண்டும். அது தெரியாமல் அறுவைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மெலிவு ஓடுகிறதா என்பதை நினைவை வைத்துச் சொல்ல முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை டைனமோமீட்டரில் இரு கைப்பிடி பலத்தையும் அளந்து எழுதுங்கள். முழங்கை மடிப்பிலிருந்து 10 செ.மீ. கீழே குறி வைத்து முன்கைச் சுற்றளவை டேப்பால் எடுங்கள். ஒரே வெளிச்சத்தில் இரு கைகளையும் படம் பிடித்துத் தேதியோடு வையுங்கள்.

அறுவையில் என்னதான் செய்கிறார்கள்?

அதிகம் செய்யப்படுவது கழுத்தின் முன்பக்கத்திலிருந்து, எலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்கை எடுத்து எலும்புகளை இணைப்பது. பெரும்பாலும் சி5, சி6, சி7 ஆகிய மூன்று எலும்புகள், அதாவது இரண்டு டிஸ்க் மட்டங்கள். சிலருக்கு சி4-ஐயும் சேர்க்க வேண்டியிருக்கும். எத்தனை என்பதை மடக்கிய படத்தில் உறை எங்கிருந்து எங்குவரை விலகுகிறது என்பது தீர்மானிக்கும்.

முழு மயக்கம் கொடுத்து மல்லாக்கப் படுக்கவைத்து, தோளுக்குக் கீழே துணிச் சுருள் வைப்பார்கள். மயக்க மருத்துவர் குழாய் போடும்போதும் நோயாளியைப் புரட்டும்போதும் கழுத்து மடங்கவே கூடாது. மயக்கத்தில் இருப்பவரால் கை சோர்கிறது என்று சொல்ல முடியாதே. அதனால் தண்டுவடச் சமிக்ஞைகளைத் தொடர்ந்து பார்க்கும் நியூரோ மானிட்டரிங் இருப்பது நல்லது.

கழுத்தின் தோல் மடிப்பில் மூன்று முதல் ஐந்து செ.மீ. குறுக்குவெட்டு. உள்ளே தசையை வெட்டாமல் இடைவெளி வழியே போகலாம்: ஒருபக்கம் பெரிய ரத்தக்குழாய், மறுபக்கம் மூச்சுக்குழலும் உணவுக்குழலும். எலும்பை அடைந்ததும் ஊசி குத்தி எக்ஸ்ரேயில் மட்டத்தை உறுதிசெய்வார்கள். இதைத் தவிர்த்தால் தவறான மட்டத்தில் அறுவை நடந்துவிடும். பிறகு டிஸ்க்கை எடுத்து, எலும்பு முகங்களிலிருந்து குருத்தெலும்பைச் சுரண்டி, நடுவில் கேஜ் என்ற சிறு கூண்டு வைப்பார்கள். பீக் என்ற பிளாஸ்டிக்காலோ டைட்டானியத்தாலோ ஆனது, உள்ளே எலும்புத்தூள். உயரம் ஏறத்தாழ 6 அல்லது 7 மி.மீ. மேலே டைட்டானியம் பிளேட், 14 முதல் 16 மி.மீ. நீள ஸ்க்ரூக்கள். இரண்டு மட்டத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும்.

கவனம் வேண்டிய இடங்கள் மூன்று. கேஜ் அளவுக்கு மேல் உயரமாக இருந்தால் கழுத்து நீண்டு, ஏற்கெனவே குட்டையான உறை இன்னும் இறுகும். கழுத்து அதன் இயல்பான பின்வளைவில் இணைய வேண்டும், குனிந்த நிலையில் இணைந்துவிட்டால் அறுவையின் நோக்கமே கெட்டது. பிளேட்டின் விளிம்பும் பக்கத்து டிஸ்க்கிலிருந்து குறைந்தது 5 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். ஒட்டி வைத்தால் அந்த டிஸ்க்கின் முன்னால் எலும்பு வளரும்.

வேறு வகை அறுவை உண்டா? செயற்கை டிஸ்க் வைக்கலாமே?

செயற்கை டிஸ்க் அசைவைக் காப்பதற்காக ஆனது. இங்கே நிறுத்த வேண்டியதே அந்த அசைவைத்தான், ஆகவே பொருந்தாது. பின்பக்கமாகத் திறந்து உறையையே அகலப்படுத்தி ஒட்டுப்போடும் டியூராபிளாஸ்டி உண்டு. கழுத்து அசைவு மிஞ்சும் என்பது அதன் பெரிய நன்மை. தண்டுவட நீர் கசிவதும் பின்தசை வலியும் அதன் குறை. அதில் கைதேர்ந்தவர்கள் இருக்கும் இடத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

கழுத்து எவ்வளவு திரும்பும்?

பயப்படும் அளவுக்குக் குறையாது. தலையை இடவலமாகத் திருப்பும் அசைவில் ஏறத்தாழப் பாதி, மேலேயுள்ள முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையே நடக்கிறது. அதை யாரும் தொடுவதில்லை. ஆமாம் என்று தலையாட்டுவதும் மேலேதான். மோவாயை நெஞ்சில் முட்டவைப்பது மட்டும் வராது, வரவும் கூடாது.

கை பலம் திரும்புமா?

மெலிவு நிற்பதுதான் எதிர்பார்க்க வேண்டியது. பலருக்கு அதற்குமேல் பிடி பலம் சற்று கூடுகிறது, விரல் துடிப்பும் குளிரில் சோர்வதும் குறைகின்றன. பிழைத்திருக்கும் நரம்பணுக்கள் பக்கத்துத் தசை இழைகளுக்கும் கிளை விடுவதால் இது நடக்கிறது, மாதக்கணக்கில் ஆகும். ஒன்றரை ஆண்டுக்கு மேல் முழுதாக வற்றிக் கிடக்கும் தசை திரும்புவதில்லை. அறுவைக்கு முன்பே இதைப் பையனிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் நல்லபடி முடிந்த அறுவையும் அவனுக்குத் தோல்வியாகத் தெரியும்.

என்னென்ன தவறாகப் போகலாம்?

முதல் இரவுதான் மிக ஆபத்தானது. உள்ளே ரத்தம் கட்டினால் மூச்சுக்குழல் அழுந்தும். கழுத்து வீங்குவது, குரல் மாறுவது, மூச்சு திணறுவது, படுக்க முடியாமல் எழுந்து உட்காரத் துடிப்பது ஆகியவை அடையாளம். உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள், படுக்கையிலேயே தையலைப் பிரித்து ரத்தத்தை வெளியேற்ற வேண்டியிருக்கலாம். எனவே முதல் 24 மணி நேரம் கண்காணிப்பு வார்டில் இருப்பதை வற்புறுத்துங்கள்.

விழுங்கச் சிரமம் பலருக்கு வரும், பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகும். நீர்த்த ரசத்தைவிடக் குழைந்த தயிர் சாதமும் கெட்டிக் கஞ்சியும் எளிதாக இறங்கும். குரல் கம்முவது குரல்நாண் நரம்பு இழுபடுவதால் வருவது, அநேகமாகத் தானே சரியாகும். மூன்று மாதம் தாண்டியும் இருந்தால் ஈ.என்.டி. பார்க்க வேண்டும். தோளைத் தூக்க முடியாமல் போகும் சி5 தளர்ச்சி, உணவுக்குழல் காயம், தொற்று ஆகியவை அரிது.

எலும்பு சேராமல் போவதற்கு இளவயதில் முதல் காரணம் சிகரெட். அறுவைக்குப் பல வாரம் முன்பே நிறுத்தி, எலும்பு சேரும்வரை தொடக்கூடாது.

நீண்ட காலக் கேள்வி ஒன்று இருக்கிறது. இணைத்த எலும்புகளுக்கு மேலும் கீழும் உள்ள டிஸ்க்குகள் கூடுதல் சுமை தாங்கும். தேய்மானத்துக்காக இணைப்பு செய்துகொண்டவர்களைத் தொடர்ந்து பார்த்து 1999-ல் வெளியான ஆய்வில், ஆண்டுக்குச் சுமார் 3 சதவீதம் பேருக்குப் பக்கத்து மட்டத்தில் புதிய தொந்தரவு வந்தது. அந்த எண் வயதானவர்களுடையது, பதினெட்டு வயதுக் கழுத்துக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் இந்தக் கழுத்து இன்னும் ஐம்பது அறுபது ஆண்டு உழைக்க வேண்டும். தேவைக்கு மேல் ஒரு மட்டம்கூட இணைக்கக்கூடாது என்று நாங்கள் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

வீட்டுக்கு வந்தபின்?

மூன்று நான்கு நாளில் வீடு, ஏழு முதல் பத்து நாளில் தையல் பிரிப்பு. காலர் ஆறு வாரம் முதல் மூன்று மாதம். முதல் ஆறு வாரம் இரண்டு கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம். டூவீலரில் பின்னால் உட்கார்ந்து போவதும் மூன்று மாதத்துக்குக் கூடாது, பள்ளத்தில் விழும் குலுக்கல் ஸ்க்ரூவைத் தளர்த்தும். இரண்டு மூன்று வாரத்தில் வகுப்புக்குப் போகலாம். கபடி, மல்யுத்தம் போன்றவற்றை நிரந்தரமாக விட்டுவிடச் சொல்வோம். ஆறு வாரம், மூன்று, ஆறு, பன்னிரண்டு மாதங்களில் எக்ஸ்ரே. டைட்டானியம் இருப்பதால் பிற்காலத்தில் எம்.ஆர்.ஐ. எடுக்கத் தடையில்லை, அந்த இடத்தில் மட்டும் படம் சற்று மங்கும்.

கைப் பயிற்சியைக் கையோடு தொடங்க வேண்டும். விரல் கொக்கிபோல் மடங்கினால், அதை நிமிர்த்தி வைக்கும் ஸ்பிளிண்ட் இரவில் போட வேண்டும். தசை நடுங்கிச் சோரும்வரை பயிற்சி செய்வது கெடுதல், அரைமணியை மூன்று பத்து நிமிடங்களாகப் பிரியுங்கள்.

ஏற்கெனவே மடங்கிவிட்ட விரல்களுக்கு வழியே இல்லையா?

உண்டு. நோய் நின்று ஓராண்டாவது ஆனபின், வேலை செய்யும் தசையின் நாணை எடுத்து வேலை செய்யாத விரலுக்கு மாற்றிக் கட்டும் அறுவை செய்யலாம். தொழுநோயால் மடங்கிய கைகளுக்காக வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட் வளர்த்தெடுத்த முறைகளின் வழி வந்தது இது. கழுத்து அறுவை டாக்டர் இதைப் பேசாமல் விடலாம். கை அறுவை நிபுணரிடம் நீங்களே கேளுங்கள்.

தேர்வு எழுதுவது எப்படி?

ஊனச் சான்றிதழில் 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் எழுத்தர் உதவியும் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் கேட்கலாம். 40-க்குக் குறைந்தாலும் கதவு மூடவில்லை. எழுதும்போது கை இறுகும் நோயுள்ள ஒரு தேர்வர் தொடுத்த வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றம், 40 சதவீதம் என்ற வரம்பைக் காட்டி எழுத்தரை மறுக்கக்கூடாது என்றது. அதையொட்டி 2022-ல் மத்திய அரசு வழிகாட்டுதலும் வெளியிட்டது. எழுதச் சிரமம் உள்ளது என்று அரசு மருத்துவ அதிகாரியிடம் அதற்குரிய படிவத்தில் சான்று வாங்க வேண்டும். தேர்வுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள்.

செலவு?

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், இணைப்பு அறுவை உங்கள் மருத்துவமனையில் அதன்கீழ் வருமா என்று அங்குள்ள காப்பீட்டு மேசையில் சேர்வதற்கு முன்பே கேளுங்கள். முன் அனுமதிக்கு மடக்கிய எம்.ஆர்.ஐ. படம், ஈ.எம்.ஜி. அறிக்கை, கைப்பிடி அளவுக் குறிப்பு மூன்றையும் ஒரே கோப்பில் கொண்டுபோங்கள். கேஜ், பிளேட், ஸ்க்ரூ விலை பில்லில் தனியாக வருமா, பேக்கேஜுக்குள் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.